அடையாளமும் மாற்றமும்: நம் தோலை நாம் பார்க்கக் கற்ற வரலாறு

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த பெரும்பாலோரின் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்களுக்கென ஓர் இடம் உண்டு. “வலது கன்னத்தில் ஒரு மச்சம்”, “இடது முழங்காலில் ஒரு தழும்பு” என்பன போன்ற இரண்டு வரிகள் அங்கே இருக்கும். ஆசிரியர் கேட்க, மாணவர் சட்டைக் கையை மடித்துத் தேடிக் காட்ட, எழுதப்பட்ட வரிகள் அவை. அந்த இடத்துக்கு ஒரு நீண்ட மூதாதை வரிசை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பயணச்சீட்டுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடற்குறிகளும் பதிவாயின. அதற்கும் முன்னர் சாமுத்திரிகா லட்சணம் மச்சம் இருக்குமிடத்தை வைத்து ஒருவரின் வாழ்வையே கணித்தது. இன்றும் மச்ச பலன் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

நோக்கத்தில் வேறுபட்ட இம்மூன்று மரபுகளும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. தோலிலுள்ள குறி மாறாதது என்பதே அந்த அடிப்படை. மாறாது என்பதால்தான் அது அடையாளம். மாறாது என்பதால்தான் அது விதியின் எழுத்து. தோல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஒருவர் தம் உடலைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நவீன மருத்துவம் சொல்லும்போது, அது இதற்கு நேர்மாறான கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. குறி எங்கே இருக்கிறது என்பதன்று அக்கேள்வி. சென்ற மாதம் இருந்தபடியே இருக்கிறதா என்பது.

இந்தக் கேள்வி எப்போது, யாருடைய உடலை முன்வைத்து உருவாயிற்று? இந்திய உடல்கள் அதில் எங்கே இடம்பெற்றன, எங்கே விடுபட்டன? “கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது” என்னும் நம்பிக்கை படித்தவர்களிடையேயும் வலுவாக இருக்கும் நம் சூழலில் இது வெறும் வரலாற்று ஆர்வம் சார்ந்த வினா அன்று. தாமதமாக மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உயிர் அந்த நம்பிக்கையில் சிக்கியிருக்கிறது.

1. புகைக்கரியும் தொழிலும்

தோல் புற்றுநோயின் நவீன வரலாறு வெயிலில் தொடங்கவில்லை, புகைபோக்கியில் தொடங்கியது. 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விரைப்பைத் தோலில் தோன்றும் புற்றுநோயை விவரித்து, தோல் மடிப்புகளில் தங்கும் புகைக்கரியே அதன் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் இடையிலான உறவை நிறுவிய முதல் எழுத்தாக அது மருத்துவ வரலாற்றில் போற்றப்படுகிறது. நான்கைந்து வயதிலேயே குறுகிய புகைக்குழாய்களுக்குள் ஏற்றப்பட்ட சிறுவர்கள், வளர்ந்து ஆளான பின் இந்நோய்க்கு இரையாயினர்.

பாட்டின் குறிப்பில் பலர் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. அத்தொழிலைச் சேர்ந்தவர்கள் அந்தப் புண்ணைக் ‘கரி மரு’ என்று ஏற்கெனவே அழைத்துவந்தனர் என்பதே அது. மருத்துவர் எழுதுவதற்கு முன்பே நோயாளிகளிடம் அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்தது என்றால் கவனிப்பு இருந்தது என்று பொருள். ஒருவர் உடலில் கண்டதை இன்னொருவர் உடலில் கண்டு, இரண்டும் ஒன்றே என்று அறிந்திருக்கிறார்கள். தன் தோலைத் தானே பார்த்தல் என்பது மருத்துவம் மக்களுக்குக் கற்பித்த பழக்கம் என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் கல்வி எதிர்த்திசையில் நடந்தது என்பதை இந்தச் சிறு குறிப்பு காட்டுகிறது.

2. காஷ்மீரம்: கணப்புச் சட்டியின் தடம்

இந்திய அத்தியாயம் காஷ்மீரில் தொடங்குகிறது. 1865இல் ஸ்ரீநகருக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவப் பணியாளர் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி, காஷ்மீர மக்களின் தொடைகளிலும் அடிவயிற்றிலும் தோல் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதைக் கவனித்தார். உலகின் பிற பகுதிகளில் அரிதாகவே புற்றுநோய் தோன்றும் உடற்பகுதிகள் அவை. 1866இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அதைக் காங்கிரியோடு தொடர்புபடுத்தியது.

காங்கிரி என்பது பிரம்பு போன்ற மெல்லிய கொம்புகளால் பின்னிய கூடைக்குள் வைத்த சிறு மண் சட்டி. அதனுள் கரியும் சினார் மரத்தின் காய்ந்த இலைகளும் கனன்றுகொண்டிருக்கும். குளிர்காலத்தில் அதை ஃபெரன் என்னும் தொளதொளத்த நீள அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அமரும்போது தொடைகளுக்கு நடுவில் இருத்திக்கொள்வார்கள். ஏழை வீட்டில் அதுவே கணப்பு, அதுவே போர்வை. ஆண்டுக்குச் சில மாதங்கள், சிறு வயது முதல் முதுமை வரை, ஒரே இடத்துத் தோல் சுட்டும் சுடாமலும் வெந்துகொண்டிருக்கும். முதலில் வலை பின்னியது போன்ற செம்பழுப்புத் தடம் விழும். பின்னர் அவ்விடம் கறுத்து, வறண்டு, தடிக்கும். பல்லாண்டுகளுக்குப் பின் அதில் ஒரு மரு அல்லது ஆறாத புண் தோன்றும். அதுவே செதிளணுப் புற்றுநோய். கவனியாது விட்டால் தொடை இடுக்கின் நெறிக்கட்டிகளுக்குப் பரவும்.

எல்ம்ஸ்லிக்குப் பின் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஆர்தர் நெவ், எர்னெஸ்ட் நெவ் சகோதரர்கள் இதைத் தொடர்ந்து பதிவு செய்தனர். எர்னெஸ்ட் நெவ் 1910இலும் 1923இலும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரைகள், நாள்பட்ட உறுத்தல் புற்றுநோயைத் தூண்டுமா என்னும் அன்றைய உலகளாவிய விவாதத்தில் காஷ்மீரைச் சான்றாக நிறுத்தின. வெப்பம் மட்டுமே காரணமா, எரியும் இலைகளிலிருந்து வரும் தார்ப்பொருளுக்கும் பங்குண்டா என்பது பின்னரும் விவாதிக்கப்பட்டது. ஜப்பானின் கைரோ என்னும் வயிற்றுக் கணப்பு, வட சீனத்தின் காங் என்னும் சூடேற்றிய செங்கல் படுக்கை ஆகியவற்றோடு தொடர்புடைய புற்றுநோய்களும் இதே வரிசையில் வைத்துப் பேசப்பட்டன.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது காலத்தின் அளவு. வலைத்தடத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையில் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. எச்சரிக்கை தோலில் எழுதப்பட்டே இருந்தது. ஆனால் காஷ்மீரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தடம் மிக இயல்பானது; எல்லார் தொடையிலும் இருப்பதை நோய்க்குறி என்று எவர் நினைப்பார்? பழக்கம் தரும் குறி, பழக்கத்தாலேயே கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. தன் தோலைத் தானே பார்த்தலின் முதற்சிக்கல் இதுவே.

3. பம்பாய்: வேட்டி முடிச்சு

1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கு நோயியல் துறையை வழிநடத்திய வசந்த் ராம்ஜி கானோல்கர், இந்தியப் புற்றுநோய் ஆய்வின் முன்னோடி. 1945இல் அவரும் சூர்யாபாயும் இணைந்து ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் பேத்தாலஜி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வழக்கங்களோடு தொடர்புடைய, இந்தியாவில் காணப்படும் மூன்று புதிய வகைப் புற்றுநோய்கள் பற்றியது அது. அவற்றுள் ஒன்று வேட்டிப் புற்றுநோய். இடுப்பைச் சுற்றி ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், ஆண்டுக்கணக்காக வேட்டி கட்டியவர்களின் இடுப்புத் தோலில் அது தோன்றியது. உராய்வும் வியர்வையும் சேர்ந்து தோலின் நிறத்தை மாற்றின. தோல் தடித்தது, வெடித்தது, புண்ணாயிற்று. சிலருக்கு அப்புண் புற்றாயிற்று.

பின்னாளில் சேலை உடுத்தும் பெண்களின் இடுப்பிலும் இதே நோய் பதிவாயிற்று. ஆனால் உராய்வது சேலைத் துணியன்று, உள்பாவாடையின் நாடா. மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டுவதால் அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் குவிகிறது. இடுப்பில் கறுத்த அல்லது வெளுத்த ஒரு வளையம் இல்லாத நம் வீட்டு மூதாட்டியர் எத்தனை பேர்? அந்த வளையம் புற்றுநோயன்று; அதை உடையவர்களுள் மிக மிகச் சிலருக்கே புற்று வருகிறது. எனினும் அந்த வளையத்தின் மேல் ஒரு புண் தோன்றி ஆறாமல் இருந்தால் அதை நாடாப் புண் என்று விட்டுவிடலாகாது. நாடாவைத் தளர்த்திக் கட்டுதலும் அகலமான பட்டிக்கு மாறுதலும் எளிய தற்காப்புகள்.

கானோல்கரின் கட்டுரையைப் புகழ்வதோடு அதன் சட்டகத்தையும் நாம் விசாரிக்க வேண்டும். புகைக்கரிப் புற்று தொழில் நோய் எனப்பட்டது. காங்கிரிப் புற்றும் வேட்டிப் புற்றும் வழக்கத்தின் நோய் எனப்பட்டன. ‘தொழில்’ என்றால் முதலாளிக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு. பிரிட்டனில் 1788இல் புகைபோக்கிச் சிறுவருக்கான சட்டம் வந்ததும், அது ஏட்டளவில் நின்றதால் பின்னர் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்ததும் அப்பொறுப்பின் விளைவே. ‘வழக்கம்’ என்றால் பொறுப்பு நோயாளியின் தலையில் இறங்குகிறது. ஆனால் காங்கிரி வெறும் வழக்கமா? விறகும் வீட்டுச் சூடும் வாங்க இயலாத வறுமையின் கருவி அது. நோயின் பெயரே தீர்வின் திசையைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு இவ்விரு சொற்களும் நல்ல எடுத்துக்காட்டு.

4. தழும்பு திரும்பப் பேசும்போது

அங்க அடையாளங்களுள் மச்சத்துக்கு அடுத்த இடம் தழும்புக்கு. 1828இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மர்ழோலன் தழும்பிலிருந்து எழும் மருப் போன்ற புண்களை விவரித்தார். அவை புற்றுநோய் என்று அவர் கூறவில்லை. ஆயினும் பின்வந்தோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பெயரையே தழும்புப் புற்றுக்குச் சூட்டினர். பழைய தீக்காயத் தழும்பிலோ நெடுங்காலம் ஆறாத புண்ணிலோ தோன்றும் செதிளணுப் புற்றுநோய் இது. காயத்துக்கும் புற்றுக்கும் இடைவெளி சராசரியாக முப்பது ஆண்டுகள் எனப்படுகிறது.

இந்தியாவில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பும் விறகடுப்பும் ஆண்ட சமையலறைகளில் தீக்காயம் பட்டவர்களுள் பெண்களே மிகுதி. தோல் ஒட்டு அறுவை கிட்டாமல், தானாகவே சுருங்கி ஆறிய தழும்புகளோடு வாழ்ந்தவர்கள் ஏராளம். அத்தகைய தழும்பு மூட்டுப் பகுதியில் இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் இழுபட்டு வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். அவ்விடமே ஆபத்தானது. குழந்தைப் பருவத்துத் தீக்காயத்தின் விளைவை ஐம்பது வயதில் எதிர்கொள்ளும் ஒருவர் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. “அது பழைய தழும்புதானே” என்னும் சொல்லே தாமதத்தின் முதற்காரணமாகிறது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்களிலும் இதே புற்று தோன்றக்கூடும். அங்கே வலி இல்லாமையே மறைப்பாகிவிடுகிறது.

5. நீரில் வந்த நஞ்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்சனிக் மருந்தாகப் புழங்கியது. தாமஸ் ஃபவுலர் 1786இல் அறிமுகப்படுத்திய ஆர்சனிக் கரைசல், காய்ச்சல் முதல் தோல் படை வரை பலவற்றுக்கும் தரப்பட்டது. அதை நெடுங்காலம் உட்கொண்டவர்களின் உள்ளங்கை, உள்ளங்கால்களில் காய்ப்புகள் தோன்றுவதையும் அவற்றில் புற்று எழுவதையும் லண்டன் மருத்துவர் ஜானதன் ஹட்சின்சன் 1880களின் பிற்பகுதியில் எடுத்துரைத்தார்.

அதே குறிகள் ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் வங்கத்தில் தோன்றின. இம்முறை நஞ்சு மருந்துப் புட்டியில் இல்லை, குடிநீரில் இருந்தது. குளத்து நீரும் ஆற்று நீரும் பரப்பிய வயிற்றுநோய்களுக்கு மாற்றாகவும் பாசனத்துக்காகவும் கங்கைச் சமவெளியில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் கரைந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் இதைக் கண்டறிந்தார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மணல் மணலாகக் காய்ப்புகள். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவர் குழுவினரும் வங்கம், பீகார் எனக் கங்கைச் சமவெளி நெடுகிலும் நீரைச் சோதித்துச் சிக்கலின் பரப்பை வெளிக்கொணர்ந்தனர்.

இந்த வரலாற்றில் தோல் ஓர் ஆய்வுக்கூடமாகச் செயல்பட்டது. நீரைச் சோதிக்கும் கருவி கிராமத்துக்குப் போகுமுன் கிராமத்தாரின் உள்ளங்கைகள் முடிவைச் சொல்லிவிட்டன. ஆனால் ஊர் அதை வேறாகப் படித்தது. பலரைத் தொழுநோயாளி என்று ஒதுக்கியது. பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன. குறியைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அதைச் சரியாகப் படிக்கும் சமூகம் இல்லாதவிடத்து, பார்க்கும் பழக்கமே மறைக்கும் பழக்கமாக மாறிவிடும்.

6. வெயிலின் கதை உலகக் கதையானது

இவ்வளவு பன்மையான வரலாறு இருக்க, இன்று “தோல் புற்றுநோய்” என்றதும் நம் மனத்தில் கடற்கரை வெயிலும் சூரியத் தடுப்புப் பூச்சும் தோன்றுவது ஏன்? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய்வின் மையம் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நகர்ந்ததே காரணம். ஐரோப்பிய வெண்தோலர் கடும் வெயில் நாடான ஆஸ்திரேலியாவில் குடியேறியதன் விளைவாக, மெலனோமா அங்கே பெருநோயாயிற்று. நிறமி உயிரணுக்களில் எழும் இப்புற்றுநோய்க்கும் அட்சரேகைக்கும் உள்ள உறவை ஹென்றி லங்காஸ்டர் 1956இல் எழுதினார். 1963இல் குயின்ஸ்லாந்து மெலனோமாத் திட்டம் தொடங்கிற்று. சட்டை அணி, பூச்சுத் தடவு, தொப்பி போடு என்னும் புகழ்பெற்ற பரப்புரை 1981இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தது.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீட்மன், ரிகல், காப்ஃப் மூவரும், மருத்துவர் சோதனையும் சுயசோதனையும் மெலனோமாவைத் தொடக்கத்தில் கண்டறிய உதவுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினர். இன்று உலகெங்கும் சொல்லப்படும் ஏ-பி-சி-டி விதி அதில்தான் தோன்றியது. மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராமை, விளிம்பு ஒழுங்கின்மை, பல நிறக் கலப்பு, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம் ஆகியவை அந்நான்கு. 2004இல்தான் ஐந்தாவதாக ‘இ’ சேர்க்கப்பட்டது. அது மாற்றத்தைக் குறிக்கும். அதாவது இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட “மாறியிருக்கிறதா?” என்னும் கேள்வி, அந்த விதியில் எல்லாவற்றுக்கும் கடைசியாகவே இடம்பெற்றது.

விதி சிறந்தது, எளிதில் நினைவில் நிற்பது. ஆனால் அது வெண்தோல் மேல் தோன்றும் மெலனோமாவைக் கண்டு வகுக்கப்பட்டது. கறுத்த தோலில் மெலனோமா அரிது; தோன்றும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களிலேயே தோன்றுகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியன அவ்விடங்கள். நகத்தடி மெலனோமாவை 1886இலேயே விவரித்தவர், ஆர்சனிக் தொடர்பாக நாம் மேலே சந்தித்த அதே ஹட்சின்சன். அவர் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் ‘கருநிற நகச்சுத்தி’. நகச்சுத்தி வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருக்கும் நமக்கு, அந்தப் பெயரில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஜமைக்க இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்ட நோயும் இதுவே. காற்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்று முதலில் கருதப்பட்ட அது, 1981 மே 11 அன்று, அவரது 36ஆம் வயதில் உயிரைக் கொண்டுபோயிற்று.

கருவிகளும் இந்தச் சாய்வைச் சுமக்கின்றன. மருத்துவப் பாடநூல்களின் தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெண்தோலையே காட்டுகின்றன என்னும் குறையை முன்வைத்து, லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே 2020இல் கறுத்த தோலுக்கான கையேடு ஒன்றை இணைந்து வெளியிட்டார். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு மிகுதியும் பயன்படும் படத்தொகுதிகளுள் ஒன்று 2018இல் வெளியானது. அதன் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட படங்கள் வியன்னாவிலும் குயின்ஸ்லாந்திலும் எடுக்கப்பட்டவை. அத்தகைய தொகுதியில் பயின்ற கைப்பேசிச் செயலி ஒரு பீகார் விவசாயியின் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கணினியியல் மாணவர்களும் சிந்திக்க வேண்டிய வினா.

7. சுயசோதனை பயன் தருமா?

ஆய்வு நேர்மை கருதி எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். 1996இல் மரியான் பெர்விக் குழுவினர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் செய்த ஒப்பாய்வு, தம் தோலைத் தாமே சோதிப்போருக்கு மெலனோமாவால் இறக்கும் வாய்ப்பு குறையக்கூடும் என்று காட்டியது. ஆனால் சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்யப்படும் பெரும் ஆய்வின் வலு அதற்கு இல்லை. மார்பகச் சுயசோதனையின் வரலாறு எச்சரிக்கையாக நிற்கிறது. ஷாங்காய் நகரில் 2,66,064 பெண்களிடம் நடத்தி 2002இல் முடிவு வெளியிடப்பட்ட ஆய்வில், சுயசோதனைப் பயிற்சி இறப்பைக் குறைக்கவில்லை; தீங்கற்ற கட்டிகளுக்கான திசுச் சோதனைகளே கூடின. அறிகுறியற்ற எல்லாருக்கும் மருத்துவர் தோலைப் பார்த்துச் சோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023இல் மீண்டும் அறிவித்தது.

ஆகவே “எல்லாரும் மாதந்தோறும் கண்ணாடி முன் நில்லுங்கள்” என்னும் பொது அறைகூவலை இந்தியாவில் அப்படியே நடுவது அறிவியலும் அன்று, பொருத்தமும் அன்று. இந்தியாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு ஒன்று இரண்டு சதவீத அளவே. ஆனால் மேலே கண்ட வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. இங்கு ஆபத்து சமூகம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அது முகவரியோடு இருக்கிறது. காங்கிரித் தடம் உள்ள தொடை, நாடா வளையம் உள்ள இடுப்பு, வெடித்து வெடித்து ஆறும் தீத்தழும்பு, ஆர்சனிக் நீர் குடித்த ஊரின் உள்ளங்கை, உணர்விழந்த பாதம், நிறமி இன்றிப் பிறந்தோரின் வெயில் படும் தோல் என்பனவே அந்த முகவரிகள். இவர்களுக்குத் தம் தோலைப் பார்க்கச் சொல்வது பொதுச் சோதனை அன்று. தெரிந்த ஆபத்தைக் கண்காணித்தல்.

எதைப் பார்ப்பது? வரலாறு தரும் பட்டியல் சுருக்கமானது. சில வாரங்களாகியும் ஆறாத, அல்லது ஆறி ஆறித் திரும்பத் திரும்ப வரும் புண். பழைய தழும்பில் புதிதாக எழும் மரு, வெடிப்பு, இரத்தக் கசிவு. காய்ப்புகளுள் ஒன்று மட்டும் வேகமாகப் பெருத்தல். உள்ளங்காலில் கால் ஆணி என்று கருதப்பட்டும் குணமாகாது கறுத்துப் பரவும் இடம். ஒரே ஒரு நகத்தில் தோன்றி அகலமாகி, நகத்தடித் தோலுக்கும் பரவும் கருங்கோடு. மாறத் தொடங்கிய மச்சம். கறுத்த தோலுடையோர் பலருக்குப் பல நகங்களில் கோடுகள் இயல்பாகவே இருக்கும் என்பதால், கோடு இருப்பது கவலைக்குரியதன்று, மாறுவதே கவனத்துக்குரியது. ஐயம் எழுந்தால் களிம்பு மாற்றிக் களிம்பு தடவிக் காலம் கழிக்காமல் தோல் மருத்துவரை அணுக வேண்டும். முடிவைச் சொல்வது கண் அன்று. சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் செய்யும் சோதனை. தொடக்க நிலையில் பெரும்பாலும் வெட்டி அகற்றினாலே தீரும் நோய், நெறிக்கட்டிக்குப் பரவியபின் வேறு நோயாகிவிடுகிறது.

8. யார் பார்ப்பது?

இறுதியாக ஒரு நடைமுறைச் சிக்கல், அதுவும் வரலாறு சார்ந்தது. நம் மொழியில் அந்தப் பொருளின் பெயரே ‘முகம் பார்க்கும் கண்ணாடி’. பல வீடுகளில் சுவரில் தொங்குவது முகம் மட்டும் தெரியும் அளவினதே. முதுகையும் தொடையின் பின்புறத்தையும் அது காட்டாது. குளிக்கத் தனியறை இல்லாத வீட்டில், ஈரச் சேலையோடு குளித்து, மறைப்பில் உடைமாற்றிப் பழகிய பெண்ணுக்குத் தன் உடலைத் தானே முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு எப்போது கிட்டியது? இந்தியாவின் தோல் புற்றுநோய்கள் தோன்றும் இடங்களோ இடுப்பு, தொடை, அடிவயிறு, உள்ளங்கால் என நாணமும் அலட்சியமும் மூடி வைத்தவை. சுயசோதனை என்னும் கருத்துக்குப் பின்னால் தனியறையும் ஆளுயரக் கண்ணாடியும் உள்ள ஒரு தனிமனிதர் நிற்கிறார். அவர் எங்கும் இருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் தோலைப் பார்க்கும் பெருமரபு ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1955இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1983இல் அதன் வழிவந்த ஒழிப்புத் திட்டமும், 2016 முதல் நடந்த வீடு வீடான கண்டறிதல் இயக்கமும் கோடிக்கணக்கான மக்களின் தோலைப் பார்த்திருக்கின்றன. பெண்களைப் பெண் பணியாளரும் ஆண்களை ஆண் பணியாளரும் பார்க்கும் ஏற்பாடும் அவற்றில் உருவாயிற்று. தேமலையும் உணர்வற்ற படையையும் அடையாளம் காணும் ஆஷா பணியாளருக்கு, ஆறாத புண்ணையும் மாறும் தழும்பையும் அடையாளம் காணப் பயிற்சி தருவது பெருஞ்செலவன்று. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு அரசுப் பொதுச் சோதனை உண்டு. அவ்வரிசையில் தோலைச் சேர்க்கச் சான்று போதாது என்றால் சேர்க்க வேண்டா. காஷ்மீரிலும் ஆர்சனிக் மாவட்டங்களிலும் தொழுநோய்ப் பணியோடு இதை இணைத்துப் பார்த்து, பயனை அளந்து சொல்லலாமே.

இத்துறையில் செய்ய வேண்டிய வரலாற்று வேலையும் மிகுதி. மிஷன் மருத்துவமனைகளின் அறுவைப் பதிவேடுகளைச் சமூக வரலாற்று ஆவணமாக இன்னும் எவரும் முழுமையாகப் படிக்கவில்லை என்றே கருதுகிறேன். இந்திய மொழிகளில் ஆறாத புண்ணுக்கும் மருவுக்கும் தழும்புக்கும் உள்ள வட்டாரப் பெயர்களைத் தொகுத்தால், மருத்துவர் வருமுன் மக்கள் எதைக் கவனித்தனர் என்பது தெரியவரும். ‘கரி மரு’ என்று பெயரிட்ட லண்டன் தொழிலாளரைப் போல, நம் கூலிகளும் குயவர்களும் கொல்லர்களும் எதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள்? மருத்துவம், மானிடவியல், மொழியியல் மாணவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஆய்வு இது. உங்கள் ஊர்ப் பக்கத்துச் சொற்கள் நினைவிலிருந்தால் எழுதுங்கள்.

சான்றிதழின் அந்த இரண்டு வரிகள் நம்மை யாரென்று அரசுக்குச் சொல்ல எழுதப்பட்டவை. அவற்றை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு, அதே மச்சமும் அதே தழும்பும் எழுதப்பட்டபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது அடையாளம். மாறியிருந்தால், அடுத்த வரியை எழுத வேண்டியவர் ஒரு மருத்துவர்.